சாய்கோட்டில் தொங்கும் அரைப் பேர்

தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தாருக்கும், பதிவாளர் நாயகம் திணைக்களத்தாருக்கும், இந்தப் பெயர்ச் சண்டையில் இரண்டு பக்கமும் நின்று பேசும் நம்மவர்களுக்கும்,

வணக்கம்.

தேயிலைத் தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். நிர்வாகம் சொன்ன கிலோவுக்குக் கொழுந்து நிறுத்தால் முழுப் பேர் விழும். ஒன்றிரண்டு கிலோ குறைந்தாலும் அரைப் பேர்தான். விடிந்ததிலிருந்து மலையில் நின்றவர் வீட்டுக்குப் போய், "இன்னைக்கு அரைப் பேருதான் போட்டாங்க" என்று சொல்லும்போது குரலில் ஒரு கசப்பு இருக்கும். தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த இந்தச் சமூகத்துக்கு, இலங்கையின் 2024 தொகைமதிப்பு அட்டவணையில் 'இந்தியத் தமிழர்' என்றும் 'மலையகத் தமிழர்' என்றும் நடுவே சாய்கோடு போட்டு எழுதியிருப்பதும் அரைப் பேர்தான். பாதி பழையது, பாதி புதியது. பழையதை விட்டதாகவும் இல்லை, புதியதை ஏற்றதாகவும் இல்லை.

ஆனாலும் சாய்கோடு மட்டும்தான் குறை என்று சொல்ல இந்த மடலை எழுதவில்லை. பெயரை மாற்றினீர்கள், கேட்கும் முறையை மாற்றவில்லை. அதனால் புதிய பெயர் வந்த அதே முறை எண்ணிக்கை சரிந்துவிட்டது. எங்கள் முறைப்பாடு இதுதான், மற்றதெல்லாம் இதன் விளக்கம்.

முதலில் எண்கள். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்று தனித்தனி வரிசை வந்தது 1911இல். அன்று இரண்டு வரிசையும் ஐந்து இலட்சத்து முப்பதாயிரத்தை ஒட்டி ஏறக்குறையச் சமமாக நின்றன. 1953இல் இந்தியத் தமிழர் 974,098. நாட்டின் சனத்தொகையில் 12 வீதம். 1971இல் 1,174,606. 1981இல் அது 818,656 ஆகக் குறைந்தது. இதற்குப் பெரிய காரணம் எல்லோரும் அறிந்தது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் 975,000 பேரைக் கணக்கில் எடுத்து, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பிரித்தார்கள்; மிஞ்சிய 150,000 பேரை 1974இல் சரி பாதியாகப் பங்கு போட்டார்கள். எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள் அந்தப் பங்கீட்டின்படி போனவர்கள். அங்கே நீலகிரியில் அவர்களுக்கு விழுந்த பெயர் 'சிலோன்காரர்'. இங்கே இந்தியர், அங்கே சிலோன்காரர்.

2012இல் இந்தியத் தமிழர் 839,504 பேர், 4.1 வீதம். 2024இல் அதே வரிசை 2.8 வீதம். இந்த இடைவெளியில் யாரையும் கப்பல் ஏற்றவில்லை. பக்கத்து வரிசையைப் பாருங்கள்: இலங்கைத் தமிழர் 11.1 வீதத்திலிருந்து 12.3 வீதமாகக் கூடியிருக்கிறது. இரண்டு வரிசையையும் கூட்டினால் அன்றும் இன்றும் 15 வீதத்துக்குச் சற்று மேல். வெளிநாடு போனவர்களும் உண்டு, பிறப்பு குறைந்ததும் உண்டு, இரண்டையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு வரிசை இவ்வளவு மெலிந்தும் கூட்டுத்தொகை அசையாமல் நிற்கிறது என்றால், ஆட்கள் கட்டம் மாறியிருக்கிறார்கள் என்பதே எங்கள் வாசிப்பு.

கட்டம் எப்படி மாறுகிறது? தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்து வாசலில் நடப்பதைப் பாருங்கள். கணக்கெடுக்க வருபவருக்கு அன்றைக்குள் முடிக்க வேண்டிய வீடுகள் வரிசையாக இருக்கின்றன. இஸ்தோப்பில், அதாவது திண்ணையில், நின்றபடியே கேட்கிறார்: "தமிழ்தானே?" "ஆமாங்க." "ஸ்ரீலங்கன் தமிழ்?" "ஆமாங்க, நாங்க இங்கதானே பொறந்தோம்." முடிந்தது, இலங்கைத் தமிழர் கட்டம் நிரம்பிவிட்டது. இரண்டு பேரில் யாரும் பொய் சொல்லவில்லை. கேட்டவர் இனத்தைக் கேட்டார், பதில் சொன்னவர் பிரஜாவுரிமையைச் சொன்னார்.

அவர் அப்படிச் சொல்வதற்கு நீண்ட காரணம் இருக்கிறது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. அது இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு. தோட்டத்துப் பிறப்புகள் ஒழுங்காகப் பதியப்படாத காலத்தில் பூட்டனின் பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவது? அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. பழைய அடையாள அட்டையின் 9 இலக்கங்களுக்குப் பின்னால், வாக்குரிமை உள்ளவருக்கு 'வி', இல்லாதவருக்கு 'எக்ஸ்'. அந்த எக்ஸ் எழுத்தோடு பொலிஸ் சோதனைச் சாவடியில் நின்ற தலைமுறை இன்னும் உயிரோடு இருக்கிறது. 1986, 1988, 2003 என்று மூன்று சட்டங்கள் போட்டுத்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. இத்தனைக்கும் பிறகு பிரஜாவுரிமை பெற்றவரிடம், கையில் படிவத்தோடு வந்த ஓர் அரச உத்தியோகத்தர் "நீங்க ஸ்ரீலங்கனா?" என்று கேட்டால், அவர் வாயில் வேறு என்ன பதில் வரும்?

ஆகவே பயிற்சிக் கையேட்டில் கேள்வியை முழு வசனமாக, சொல்ல வேண்டிய மொழியிலேயே அச்சடியுங்கள். எங்கள் பரிந்துரை இது: "அடுத்தது ஒங்க இனம். இது நாட்டுரிமையைப் பற்றின கேள்வி இல்ல. எல்லாரும் இலங்கைப் பிரஜைதான். பட்டியலை முழுசா வாசிக்கிறேன், எது ஒங்களுக்குப் பொருந்தும்னு சொல்லுங்க." அதன் பிறகு சிங்களவர் தொடங்கி பறங்கியர், மலாயர், இலங்கைச் செட்டி, பரதர் வரை பட்டியல் முழுவதையும் வாசிக்க வேண்டும். பாதியில் நிறுத்தக் கூடாது. "தானே" என்று முடியும் கேள்வி கேட்கக் கூடாது. அந்தத் 'தானே'தான் பாதி வேலையைக் கெடுக்கிறது. முழுதாக வாசிக்க ஒரு நிமிடமும் ஆகாது. வீட்டில் ஆளுக்கு ஆள் பதில் மாறினால் மாறியபடியே எழுதட்டும். கலப்புத் திருமணக் குடும்பங்களில் தகப்பனின் கட்டத்தையே பிள்ளைகளுக்கும் இறக்கிக்கொண்டே போவதும் தவறு.

தமிழ் தெரியாத உத்தியோகத்தர் தோட்டத்துக்கு வந்தால் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகும். அப்போது பக்கத்து வீட்டுப் பையன் மொழிபெயர்ப்பான், அல்லது தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் லயம் முழுவதற்கும் சேர்த்து ஒரே பதிலைச் சொல்லிவிடுவார். ஒரே லயத்தில் பத்துக் காம்பரா வீட்டுக்கும் ஒரே பதில் வந்தால், மேற்பார்வையாளர் அதைத் தனியாக எடுத்து இரண்டு வீட்டில் மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும். நுவரெலியா மாவட்டத்தில் 2012இல் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியத் தமிழர் என்று பதிந்தவர்கள். அப்படியான மாவட்டத்துக்குத் தமிழ் பேசும் உத்தியோகத்தர் போதாது என்ற சாக்கு எடுபடாது.

அடுத்து முகவரியை வைத்துத் தீர்மானிப்பது. 'மலையகம்' என்றதும் ஹற்றனும் தலவாக்கலையும் மட்டும் கண்ணில் வருகின்றன. ஆனால் இந்தச் சமூகம் கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி, கேகாலையோடு நிற்கவில்லை. களுத்துறையின் இறப்பர்த் தோட்டங்களில் இருக்கிறார்கள். காலி, மாத்தறைப் பக்கத்துத் தேயிலையில் இருக்கிறார்கள். 1977இலும் 1983இலும் அடிபட்டு ஓடிய குடும்பங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் மூன்றாம் தலைமுறை காண்கின்றன. கொழும்பில் கொட்டாஞ்சேனை, வத்தளை. மறுபக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஹற்றனில் முப்பது வருடம் படிப்பித்த ஆசிரியர் மலைநாட்டில் குடியிருந்தார் என்பதற்காக மலையகத் தமிழர் ஆகிவிட மாட்டார். இந்தப் பெயர் எங்கிருந்து வந்த சமூகம் என்பதைச் சொல்கிறது, இன்று எந்த வீதியில் இருக்கிறார் என்பதை அல்ல. கொழும்பில் பிறந்து வளர்ந்தவரும் 'யாழ்ப்பாணத்தார்' என்று அழைக்கப்படுவதைப் போல. வவுனியாவில் கேட்டாலும் வெலிமடையில் கேட்டாலும் அதே கேள்வி, அதே பட்டியல். எங்கே என்ன பதில் வரும் என்று ஊகித்துக்கொண்டு போகக் கூடாது.

இனி சாய்கோட்டைப் பற்றி. பதிலுக்கு ஒரே குறியீட்டு எண்ணைக் கொடுங்கள். அச்சிடும் பெயர் 'மலையகத் தமிழர்' என்று மட்டும் இருக்கட்டும். கையேட்டில் ஒரு வரி போதும்: "இந்தியத் தமிழர், இந்திய வம்சாவளித் தமிழர், மலைநாட்டுத் தமிழர் என்று சொல்பவர்களையும் இதே எண்ணில் பதிக." பழைய அட்டவணையில் இந்தியத் தமிழர் எந்த எண்ணில் இருந்ததோ அதே எண்ணையே புதிய பெயருக்கும் வையுங்கள். எண்ணை மாற்றினால், 1911 தொடங்கி வரும் வரிசை அறுந்து, இரண்டு குட்டை வரிசைகளாகக் கிடக்கும். ஆய்வு செய்பவருக்கும் ஒதுக்கீடு கேட்பவருக்கும் பழையதோடு ஒப்பிட வழியில்லாமல் போகும். அடுத்த அறிக்கைகளில் மாவட்ட வாரியாக, பிரதேச செயலகப் பிரிவு வாரியாக, இந்த வரிசையையும் இலங்கைத் தமிழர் வரிசையையும் 2012 உடன் பக்கத்தில் பக்கத்தில் அச்சிடுங்கள். எங்கே ஆட்கள் நகர்ந்தார்கள், எங்கே கட்டம் மட்டும் நகர்ந்தது என்பது அப்போது வெளியே வரும்.

இன வரிசைகளின் பெயர் கல்லில் வெட்டியதல்ல, இது திணைக்களத்துக்குத் தெரியாததும் அல்ல. கண்டிச் சிங்களவர், கரையோரச் சிங்களவர் என்று 1971 வரை இரண்டு வரிசை இருந்தது, இன்று ஒன்று. இந்தியச் சோனகர் என்று பழைய அட்டவணைகளில் ஒரு வரிசை இருந்தது, இன்று இல்லை. இலங்கைச் செட்டி, பரதர் ஆகியோருக்குத் தனிக் கட்டம் வந்தது பிற்காலத்தில். அப்போதெல்லாம் நாடு இரண்டாகவில்லை.

சிங்கள வடிவத்தில் ஒரு தனிக் கவனம் வேண்டும். 'மலையக' என்பதை 'கந்துகர' (மலைப் பிரதேசம்) என்றோ 'உடரட்ட' (மேல்நாடு) என்றோ மொழிபெயர்க்காதீர்கள். மொழிபெயர்த்தால் அது மக்களின் பெயராக இல்லாமல் ஓர் இடத்தின் பெயராகிவிடும். உடரட்ட என்ற சொல்லோடு தங்கள் அடையாளத்தைக் கட்டியிருக்கும் கண்டிச் சிங்கள அயலவருக்கு அது நில உரிமை கோருவதுபோல் கேட்கும். வீண் சண்டை. ஒலியை அப்படியே எழுதுங்கள். மத்திய மலைப் பிரதேசத்தைப் பழைய பாளி வரலாற்று நூல்களே 'மலய' என்றுதான் சொல்கின்றன. ஆகவே சிங்களக் காதுக்கு இது ஒன்றும் அந்நியச் சத்தமல்ல. ஆங்கிலத்தில் 'மலையக' என்பதன் கடைசி எழுத்தை 'ga' என்றும் 'ha' என்றும் எழுதும் எழுத்துக்கூட்டல்கள் உலவுகின்றன. ஒன்றைத் தெரிந்து வர்த்தமானியில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் கணினியில் தேடும்போது ஒரே சமூகம் இரண்டாகத் தெரியும்.

தோட்டத்துப் பேச்சில் 'மலை' என்றால் சுற்றுலாப் பயணி படம் பிடிக்கும் மலை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'ஏழாம் நம்பர் மலை' என்றால் தேயிலை நின்ற ஒரு துண்டு நிலம். 'மலைக்குப் போறது' என்றால் வேலைக்குப் போவது. வேலைசெய்த இடத்தைக் கொண்டே தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்ட மக்கள் இவர்கள். கூலி, கள்ளத்தோணி, தோட்டக்காட்டான் என்று மற்றவர்கள் வைத்த பெயர்கள் போதுமான அளவு இருந்தன. கடைசி இரண்டையும் தமிழ் பேசுபவர்களும் சொன்னார்கள்.

பதிவாளர் நாயகம் திணைக்களத்தாருக்குச் சொல்ல வேண்டியது வேறு. நெடுங்காலம் வழக்கிலுள்ள பிறப்புப் பதிவுப் படிவத்தில் தகப்பனின் இனம், தாயின் இனம் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. பிறப்பை 42 நாளுக்குள் பதியவேண்டும் என்பதால், தோட்டத்தில் இந்த வேலை அவசரமாக நடக்கும். எழுதுபவர் தகப்பனின் பழைய சான்றிதழைப் பார்த்து 'இந்தியத் தமிழர்' என்று இறக்குவார். அந்தத் தகப்பனின் சான்றிதழும் அவருடைய தகப்பனின் சான்றிதழைப் பார்த்து எழுதியது. இந்தியாவைக் கண்ணால் பார்க்காத நாலாம் தலைமுறைக்கும் பெயர் இப்படித்தான் வந்து சேர்கிறது. கேட்டு எழுதியதல்ல, பார்த்து எழுதியது.

இப்போது ஒரு தாய் 'மலையகத் தமிழர்' என்று எழுதச் சொன்னால் என்ன ஆகும்? பிள்ளையின் சான்றிதழில் ஒரு பெயர், தாயின் சான்றிதழில் வேறு பெயர். பாடசாலை அனுமதிக்கோ வெளிநாட்டு விண்ணப்பத்துக்கோ இரண்டையும் நீட்டும்போது, கருமபீடத்தில் இருப்பவர் "வித்தியாசமா இருக்கே, சத்தியக் கடதாசி கொண்டு வாங்க" என்பார். பஸ் காசு, சமாதான நீதவானைத் தேடும் நேரம், அன்றைய பேர் எல்லாம் போய்விடும். இந்த அலைச்சலுக்குப் பயந்தே பலர் "பழசையே போடுங்க சார்" என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு "மக்களே இந்தியத் தமிழர் என்றுதான் பதிகிறார்கள், பாருங்கள்" என்று அதையே சான்றாகக் காட்டுகிறார்கள்!

இதற்குச் சட்டத் திருத்தம் வரை போகத் தேவையில்லை, ஒரு சுற்றுநிருபம் போதும். வாசகம் இப்படி இருக்கலாம்: "இந்தியத் தமிழர், இந்திய வம்சாவளித் தமிழர், மலையகத் தமிழர் ஆகிய பதிவுகள் ஒரே இனத்துவத்தைக் குறிப்பனவாகக் கொள்ளப்படும். இப்பெயர் வேறுபாட்டின் காரணமாக மட்டும் எந்த அரச அலுவலகமும் சத்தியக் கடதாசியோ திருத்தப் பதிவோ கோரலாகாது. பதிவாளர் பெற்றோரிடம் வாயால் கேட்டே இனத்தைப் பதிய வேண்டும்." இதை மாவட்டப் பதிவாளர்களோடு நிறுத்தாமல் பிரதேச செயலகங்களுக்கும் வலயக் கல்வி அலுவலகங்களுக்கும் மூன்று மொழியிலும் அனுப்புங்கள். பழைய சான்றிதழ் வைத்திருப்பவர் யாரும் வந்து மாற்ற வேண்டும் என்றில்லை. அப்படி ஒரு கட்டாயம் வந்தால் அதுவே புதுத் துன்பம். தேசிய அடையாள அட்டையில் இனம் அச்சிடப்படுவதில்லை, ஆகவே அந்தப் பக்கம் தொந்தரவில்லை.

இனி நம்மவர்களுக்கு.

'இந்திய வம்சாவளி' என்ற பெயரை விட்டால் இந்தியாவின் உதவி நின்றுவிடும் என்று சிலர் மேடையில் சொல்கிறார்கள். 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து அறிவித்த பத்தாயிரம் வீடும், அதற்கு முன் தொடங்கிய நாலாயிரம் வீடும் இரண்டு அரசாங்கங்களுக்கிடையிலான உடன்பாட்டில் தோட்டப் பகுதிக்கு வந்தவை. தொகைமதிப்புக் கட்டத்தைப் பார்த்து வந்தவை அல்ல. 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தின் தலைப்பிலேயே 'இந்திய வம்சாவளி' இருக்கிறது. அந்தச் சட்டத்தில் பெற்ற பிரஜாவுரிமை, தொகைமதிப்பில் வேறு பெயர் சொன்னதால் செல்லாமல் போகாது. வம்சாவளி என்பது வரலாறு. அதை யாரும் அழிக்கச் சொல்லவில்லை. 2023இல், முன்னோர் வந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, ஜூலை 28இலிருந்து ஓகஸ்ட் 12 வரை நடந்தவர்கள் அந்த வரலாற்றைக் காலால் அளந்தவர்கள்தான். வந்து இருநூறு ஆண்டு ஆனதைக் குறித்த அந்த நடைக்குப் பெயர் 'மலையகம் 200' என்றிருந்தது.

கொழும்பிலும் பிற நகரங்களிலும் இருக்கும் வர்த்தகக் குடும்பங்களின் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. தோட்டத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாமல் இந்தியாவிலிருந்து நேரே நகரத்துக்கு வந்தவர்களுக்கு 'மலையகம்' ஒட்டாது என்கிறார்கள். நியாயம்தான். அவர்கள் 'இந்திய வம்சாவளித் தமிழர்' என்றே சொல்லட்டும், அதே எண்ணில் பதியட்டும். ஒரே எண் கேட்பதன் காரணங்களில் இதுவும் ஒன்று. சிறு தொகையினருக்காகப் பெருந்தொகையினரின் பெயரைச் சாய்கோட்டில் தொங்கவிட வேண்டியதில்லை. பெருந்தொகையினருக்காக அவர்களைத் துரத்தவும் வேண்டியதில்லை.

"தமிழர் என்று ஒன்றாய்ச் சொன்னால் போதாதா, ஏன் பிரிக்கிறீர்கள்?" என்று வடக்குக் கிழக்கிலிருந்து கேட்கும் தோழர்களுக்கு ஒரே ஒரு உதாரணம். 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, தோட்டத்து ரோட்டுக்குச் சபைக் காசு செலவழிக்க முடியாமல் முப்பது வருடம் போனது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அம்பகமுவ, நுவரெலியா ஆகிய பிரதேச செயலகப் பிரிவுகள் தலா இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு ஒவ்வொரு பிரதேச சபையோடு கிடந்தன. அதே 2018 தேர்தலோடுதான் நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரபத்தனை சபைகள் பிரிந்து வந்தன. இவற்றைக் கேட்டு வாங்கியது உணர்ச்சிப் பேச்சால் மட்டுமல்ல, 'இத்தனை பேர், இந்தப் பிரிவில்' என்ற எண்ணாலும்தான். வரிசை கரைந்தால் அடுத்த முறை கையில் காட்ட அந்த எண் இருக்காது. அரசியலில் சேர்ந்து நிற்பது வேறு, அட்டவணையில் கரைந்துபோவது வேறு.

தொழிற்சங்கங்களுக்கும் கட்சிகளுக்கும் ஒரு சின்ன வேண்டுகோள்: ஒரே கடிதத்தில் மேலே 'மலையக மக்கள்', நடுவே 'இந்தியத் தமிழர்', கீழே 'தோட்டத் தமிழர்' என்று எழுதுவதை நிறுத்துங்கள். அந்தக் கடிதங்கள்தான் பிறகு கோப்பில் "சமூகத்துக்குள்ளேயே உடன்பாடு இல்லை" என்று குறிப்பெழுத உதவுகின்றன. அடுத்த தொகைமதிப்புக்கு முன்னால் ஒவ்வொரு தோட்ட டிவிசனிலும், காலையில் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் ஐந்து நிமிடம் பேசினால் போதும்: என்ன கேள்வி வரும், அது பிரஜாவுரிமைக் கேள்வி அல்ல, பட்டியலை முழுதாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், எழுதியதைத் திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். இலங்கைத் தமிழர் என்றே பதிய விரும்புபவர் விளங்கிக்கொண்டு அப்படிச் சொன்னால் அது அவர் உரிமை. விளங்காமல் விழும் கட்டத்தைப் பற்றித்தான் எங்கள் கவலை.

இரண்டு திணைக்களங்களிடமும் மூன்று விடயங்களில் எழுத்து மூலமான பதிலை எதிர்பார்க்கிறோம்: ஒரே குறியீட்டு எண், கையேட்டில் அச்சடித்த கேள்வி, சமமெனக் கொள்ளும் சுற்றுநிருபம். சுற்றுநிருபத்துக்கு அடுத்த தொகைமதிப்புவரை காத்திருக்கத் தேவையில்லை. முதலாம் தரத்துக்கு விண்ணப்பம் கோரும் காலத்துக்கு முன் வந்தால் அந்த வருடமே பயன்படும். பதிலைத் தமிழில் அனுப்புங்கள். சென்ற முறைகளைப் போலச் சிங்களத்தில் வந்தால், அதையும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துத்தான் வாசிக்க வேண்டிவரும்.

இங்ஙனம்,
ஹற்றன், தலவாக்கலை, பதுளை, மாத்தளை, இரத்தினபுரிப் பகுதிகளில் பதிவு வேலையோடும் பள்ளிக்கூடத்தோடும் பழகிய சிலர்